ஐந்தாவது குழந்தை

பிப்ரவரி 5, திங்கள்

டேப்லெட் கொடுத்துவிட்டார்கள். கழுத்தில் மாட்ட ஓர் அட்டையும். எம்.ஏ. பொருளாதாரம் முடித்து நான்கு வருடம் கழித்து, படிப்போடு ஒட்டிய முதல் வேலை. செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடு வீடாகப் போய், யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டுப் பதிய வேண்டும். மூன்று மாதம். ஒழுங்காகச் செய்தால் நீட்டிப்போம் என்றார் சூப்பர்வைசர் கமலேஷ்.

பழகிப் பார்க்க முதலில் அவரவர் வீட்டைப் பதியச் சொன்னார்கள். கேள்வி ஒன்றுதான்: கடந்த ஏழு நாட்களில் ஒரு மணி நேரமாவது வேலை செய்தாரா?

கணவர் பிரசாந்த் - ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் உதிரிபாகக் கம்பெனி, காண்ட்ராக்ட். அவர் அண்ணன் இளவரசன் - பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. ஓரகத்தி கலைவாணி அக்கா - வீட்டு வேலை மட்டும். நான் - வேலையில். ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

மகள் பாரதிக்குப் பதினோரு மாதம். பகல் முழுக்க அக்காவிடம் சமத்தாக இருந்தாளாம். என்னைப் பார்த்ததும் அழுதாள். பசியா, கோபமா?

பிப்ரவரி 7

அனந்தபுரம். ஒரு வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவரே எல்லாருக்கும் பதில் சொன்னார். "பொம்பள வூட்ல சும்மாதான் இருக்கா, எழுதிக்கோ." அந்தப் பொம்பளை பக்கத்திலேயே மண்டிக்காரருக்கு மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, உடைத்துக்கொண்டிருந்தாள். கூலிக்குத்தான். "இது வேலை இல்லியாம்மா?" என்றேன். "கை சும்மா இருக்குதேன்னு உடைக்கிறேன்" என்றாள். அழித்துவிட்டு 'வேலையில்' என்று பதிந்தேன். பெருமையாக இருந்தது.

அடுத்த வீட்டுப் பையன் பி.இ. சென்னையில் சாப்பாடு டெலிவரி. அவன் தங்கை பன்னிரண்டாவதோடு ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டாள். வீட்டுக்கு நிலையாக வருவது அவள் சம்பளம்தான்.

கேள்வி கேட்கும்போதே பால் கட்டி ரவிக்கை நனைந்துவிட்டது. டேப்லெட்டை மார்போடு பிடித்துக்கொண்டே எழுந்து வந்தேன்.

பிப்ரவரி 9, அமாவாசை

பஸ்ஸெல்லாம் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கே போய்க்கொண்டிருந்தன. வீடு வந்தபோது மணி எட்டு. அக்கா பாரதிக்கு ரசம் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"என் பேரும் எழுதினியா? இன்னான்னு போட்ட?"

"வீட்டு வேலை மட்டும்னு, அக்கா."

பாரதியின் வாயைத் துடைத்தாள். "மட்டுமா" என்றாள். அவ்வளவுதான்.

ஏன் சொன்னேன்? சரி, அது உண்மைதானா? பொங்கல் வரைக்கும் நூறு நாள் வேலைக்குப் போய் மண் சுமந்தவள். நான் வேலைக்குப் போக வேண்டும் என்பதற்காக அதை நிறுத்திக்கொண்டவள். அனந்தபுரத்துக்காரிக்கு அழித்து எழுதத் தெரிந்த எனக்கு -

பிப்ரவரி 10

பழகப் பதிந்ததைத் திருத்தலாமா என்று கமலேஷைக் கேட்டேன். "அந்த டேட்டாவ யாரும் பாக்க மாட்டாங்க மேடம். விடுங்க."

பார்க்க வேண்டியவள் பார்த்துவிட்டாள்.

பிப்ரவரி 16, வெள்ளி

"திங்கக்கெழமலேர்ந்து ஏரியில வேல. நான் போறேன் வெண்மதி."

"பாரதி?"

"நீ படிச்சவ. யோசிச்சுக்கோ."

சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

பிரசாந்துக்கு போன் போட்டேன். "விட்டுடு. மூணு மாச வேலைக்கு எதுக்கு இவ்ளோ டென்ஷன்? கொழந்த வளரட்டும்." அவர் வேலை மட்டும் நிரந்தரமா? கேட்கவில்லை. அம்மாவைக் கூப்பிட்டேன். திருப்பூரில் தம்பியோடு இருக்கிறாள், அவளும் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறாள். "லீவு போட்டா ஆளையே மாத்திடுவான்டி" என்றாள்.

பிப்ரவரி 17

பக்கத்து வீட்டு ஜெயசுதாவைக் கேட்கலாம் என்று போனேன். அவளும் ஷூ கம்பெனிதான், விடிகாலை நாலரைக்கே பஸ். தெருவை மனசுக்குள் ஒரு சுற்றுச் சுற்றினேன். பகலில் கை காலியாக இருக்கிற பெண் ஒருத்திகூட இல்லை. படிவங்களில் மட்டும் எத்தனை பேர் 'சும்மா' இருக்கிறார்கள்.

பிப்ரவரி 19, திங்கள்

பாரதியைத் தூக்கிக்கொண்டே போனேன். எட்டு வீடு முடிக்க வேண்டிய நாளில் இரண்டு வீடு. ஒரு வீட்டில் டேப்லெட்டைத் தட்டிப் பாதிப் பதிவை அழித்துவிட்டாள். சாயங்காலம் கமலேஷ் போன் செய்தார். "இந்த வாரமும் இப்டியே போனா நான் வேற ஆளப் போட்டாகணும். தப்பா எடுத்துக்காதீங்க." அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

பிப்ரவரி 20

இன்றும் மூன்று வீடுதான்.

அக்கா கையெல்லாம் கொப்புளத்தோடு வந்தாள். ஒரு மாதம் மண்வெட்டி பிடிக்காத கை. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள். "நாலு புள்ளைங்க மரத்தடியில கெடக்குதுங்க. ஒண்ணு இன்னிக்கு வாய் நெறய மண்ணத் தின்னுட்டுது. அவங்கம்மா ஓடுனா, அதுக்குள்ள வருகைக்கு போட்டோ எடுத்துட்டாங்க. அவளுக்கு ஆப்சென்ட்."

எனக்கு எங்கோ படித்தது உறைத்தது. எம்.ஏ. இரண்டாம் வருடம், நூறு நாள் வேலைச் சட்டம் பற்றிப் பத்து மார்க் கேள்வி. வேலை நடக்கிற இடத்துக்கு ஐந்து சின்னக் குழந்தைகள் வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும். அவளுக்கும் அதே கூலி. எழுதினேன், மார்க் வாங்கினேன், மறந்தேன்.

"அக்கா, அதுக்கு ரூல் இருக்குது" என்று சொன்னேன்.

கேட்டு முடித்தவள், "அஞ்சா? நாலுதான வருது" என்றாள்.

இரண்டு பேரும் பாரதியைப் பார்த்தோம். பாயில் உட்கார்ந்து கிலுகிலுப்பையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 21

வெயில். புழுதி. ஏரியில் இன்னும் வற்றாத குட்டை. பாம்பு. ஊரார் குழந்தைகளுக்காகச் சட்டம் பேசிவிட்டு, என் குழந்தை என்றதும் இத்தனை யோசனை. அக்கா அனுப்பு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த இரண்டு வாரமும் நான் ஒரு வார்த்தை கேட்காமலே பாரதியை அவளிடம் விட்டுவிட்டுப் போனேன். இப்போது அவள் கேட்க மாட்டாள். நான்தான் கேட்க வேண்டும்.

கடைசியில் கேட்டேன். "பாத்துக்குவீங்களா அக்கா?"

"குட்டைப் பக்கம் உடமாட்டேன்" என்றாள்.

பிப்ரவரி 22

பாரதியோடு ஏரிக்குப் போனேன். பணித்தளப் பொறுப்பாளர் சுமலதாவிடம் விதியைச் சொன்னேன். "அது பேப்பர்ல இருக்கும்மா" என்று சிரித்தாள். ஆபீசுக்கு போன் போட்டுக் கேட்டுவிட்டு வந்தபோது சிரிப்பு இல்லை. "இருக்குதாம். அஞ்சு இருக்கணுமாம்." விரல் விட்டு எண்ணினாள். பாரதி மேல் வந்து நின்றது விரல்.

"இது கலைவாணி புள்ள இல்லியே?"

"எங்கூடத்தான வருது" என்றாள் அக்கா. ஐந்தையும் பார்த்துக்கொள்ள அவள் பேரையே எழுதிக்கொண்டாள் சுமலதா.

மண் கொட்டிக்கொண்டிருந்த ஒருத்தி, "ஏன் கலைவாணி, நெழல்ல ஒக்காந்தா கூலியா? எனக்கும் ஒரு புள்ளயப் பெத்துக் குடேன்" என்று கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். "நாளைக்கு ஒரு நாளு அஞ்சையும் நீ பாரு, நான் ஒன் கூடைய தூக்குறேன்" என்றாள் அக்கா. அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

பிப்ரவரி 23

பாரதிக்கு முழுக்கைச் சட்டை, தொப்பி, இரண்டு பாட்டில் தண்ணீர், புடவைத் தூளிக்குக் கொசுவலை. அக்கா பார்த்துவிட்டு, "மெட்ராசுக்கா போறா?" என்றாள்.

மூன்றாவது வீட்டில் இருந்தே போன் போட்டேன். எடுக்கவில்லை. ஐந்தாவது வீட்டில் எடுக்கவில்லை. கேள்விகளை எப்படிக் கேட்டேன் என்று தெரியாது. ஏழாவது வீட்டில் எடுத்தாள்.

"தூங்குறா. நீ ஒன் வேலயப் பாரு."

பிப்ரவரி 28

பாரதிக்கு வேர்க்குரு. முகம் கறுத்துவிட்டது. ஆனால் ராத்திரி நன்றாகத் தூங்குகிறாள். சுமலதா எடுத்த வருகை போட்டோவைக் காட்டினாள் அக்கா. வரிசையில் எல்லார் கையிலும் கூடை, மண்வெட்டி. அக்கா இடுப்பில் பாரதி.

மார்ச் 4

மேல்சித்தாமூரில் இருந்தேன். நெல்லைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் அதே ஏழு நாள் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்த நேரம் - மதியம் பன்னிரண்டே கால் - பாரதி நடந்தாளாம். நாலு அடி. மரத்தைப் பிடித்து எழுந்து, கையை விட்டு, அக்காவை நோக்கி.

"நீ பாக்கலியேன்னு எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு" என்றாள் அக்கா.

அழுதேன். அவள் பார்க்கிற மாதிரி இல்லை, கொல்லைப்பக்கம் போய்.

மார்ச் 10, ஞாயிறு

இன்னும் ஆறு மாதத்துக்கு நீட்டிப்பு. கமலேஷ் காலையில் சொன்னார். பிரசாந்திடம் சொன்னதற்கு, "சரி, நல்லதுதான்" என்றார். அவர் கம்பெனியில் இந்த மாதம் முப்பது பேரை நிறுத்தியிருக்கிறார்கள்.

படிவங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா வந்து எட்டிப் பார்த்தாள்.

"நம்ம வூட்ட மறுபடி எழுதினா, இப்ப என்னிய இன்னான்னு போடுவ?"

இங்கே எழுதுகிறேன். கலைவாணி, வயது முப்பத்தாறு. திங்கள் முதல் சனி வரை: ஏரிப் பணித்தளத்தில் குழந்தை பராமரிப்பு. கூலி உண்டு.

ஞாயிறு?

நிமிர்ந்து பார்த்தபோது பாரதி அவள் இடுப்பில்தான் இருந்தாள். காலையில் இருந்தே. டேப்லெட்டை வைத்துவிட்டு எழுந்து, "குடுங்க அக்கா" என்றேன்.

"இப்பத்தான் நெனப்பு வந்துச்சா?" என்று கொடுத்துவிட்டுப் போனாள். மின்விசிறிக்கு அடியில் பாயைப் போட்டாள். மூன்று மணிக்கு எட்டிப் பார்த்தேன், ஐந்து மணிக்கும் பார்த்தேன். கலியாணமாகி வந்த இத்தனை வருடத்தில் அவள் பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை.

ஞாயிறு: விடுமுறை.