நடுக்கூடத்தில் குட்டி போட்டவள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம், உன் அப்பாவின் முழங்காலைத் தவிர, அதுவும் அவர் நாற்காலியில் இருக்கும்வரை நலம்தான். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனில் சொல்லி முடிக்க என்னால் ஆகாது, அதனால்தான் எழுதுகிறேன்.

உன் மாமா வேலை பார்த்த அச்சகத்தை மூடிவிட்டார்கள் அல்லவா, அதற்குப் பிறகு அவன் நம் தெருக்கோடிக் கிடங்கில் நாய்ப் பண்ணை வைத்துக் குட்டிகளை விற்கப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். தெரு இரண்டுபட்டுவிட்டது. நீ ஒலிபெருக்கி என்று பேர் வைத்தாயே அந்த மருந்துக்கடைக்காரர், நாய் குரைத்தால் மனுஷன் தூங்க வேண்டாமா என்று கத்திய கத்தலிலேயே எங்கள் தூக்கம் போயிற்று. மாமாவுக்கு இதை விட்டால் வேறு கதியில்லை. "அக்கா, நீயாவது எம் பக்கம் நில்லு" என்றான், நிற்கிறேன்டா என்று வாக்குக் கொடுத்தேன்.

பண்ணை வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ய ஞாயிற்றுக்கிழமை நம் தெருச் சங்கக் கூடத்தில் கூட்டம். கையைத் தூக்கச் சொன்னால் இரண்டு கையையும் தூக்குகிற ஆட்கள் நம்மிடம் உண்டு என்பதால், ஆதரிப்பவர்கள் ஜன்னல் பக்கமும் எதிர்ப்பவர்கள் கதவுப் பக்கமும் நடந்துபோய் நிற்பதுதானே வழக்கம். நாய் எவ்வளவு சாது பாருங்கள் என்று காட்ட மாமா தன் பெட்டை நாயைக் கூட்டி வந்திருந்தான், அதுவும் நிறைமாசமாக. பிரசவத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது என்று கணக்குப் போட்டிருந்தான், அவன் கணக்கு என்றைக்குச் சரியாக இருந்தது. தலைவர் பக்கம் பிரியச் சொன்னார், எல்லோரும் எழுந்தோம், நாற்காலிகள் இழுபட்ட சத்தத்தில் அது நடுக்கூடத்துக்குப் போய்ப் படுத்து முனகியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதல் குட்டி வந்துவிட்டது.

என்னவென்று சொல்வேன், ஒரு கால் அசையவில்லை. ஒலிபெருக்கி தானே போய் மின்விசிறியை நிறுத்திவிட்டு, "சத்தம் போடாதீங்க" என்று வாயில் விரலை வைத்தார், அந்த மனிதர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. மூன்றாவது குட்டி அசைவில்லாமல் கிடந்தது. தாய் விடவில்லை, புரட்டிப் புரட்டி நக்கியது, நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம், கடைசியில் கீச்சென்று ஒரு சத்தம். ஒலிபெருக்கி விசும்பி விசும்பி அழுதார். உன்னையும் அண்ணனையும் பெற்றவள்தான் நான், ஆனால் அப்போதெல்லாம் வலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தேனே, ஓர் உயிர் வந்து சேர்வதை இப்போதுதான் கண்ணால் பார்த்தேன். எழுதும்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

இவளுக்கு இது எத்தனையாவது பிரசவம் என்று மெதுவாகக் கேட்டேன். மாமா தலையைச் சொறிந்தான். "ஞாபகமில்லக்கா, வருஷத்துக்கு ரெண்டு. இதுங்க பால் மறந்ததும் குடுத்துட்டு அடுத்ததுக்குத் தயார் பண்ணணும்" என்றான். அவனிடம் வஞ்சகம் இல்லை, அச்சகத்தில் அடுத்த கட்டுக் காகிதத்தை ஏற்றுகிற மாதிரிதான் சொன்னான். தாய் அந்த மூன்றாவது குட்டியின் மேல் தலையை வைத்துக்கொண்டு கிடந்தது. தலைவர் மறுபடி பிரியச் சொன்னபோது நான் கதவுப் பக்கம் போனேன். பண்ணை வேண்டாம் என்று முடிவாகிவிட்டது.

மாமா திட்டியிருந்தால்கூடத் தேவலை, பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். இப்போது நான் போன் செய்தால் எடுப்பதில்லை. செய்தது தப்பென்று தோன்றவில்லை, ஆனால் தம்பி முகத்தை நினைத்தால் சோறு இறங்கவில்லை. அவனுக்கு வேறு வேலைக்கு அப்பா நாலு இடத்தில் சொல்லி வைத்திருக்கிறார்.

குளிரில் தலைக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே. நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், இருவரும் நோய்நொடியில்லாமல் இருங்கள். மறக்காமல் மாமாவுக்கு ஒரு போன் செய். பண்ணைப் பேச்சை எடுக்காதே, குட்டிகள் எப்படி இருக்கின்றன என்று மட்டும் கேள். நீ பிறந்தபோது உன்னை முதலில் கையில் வாங்கியவன் அவன்தான், உன் குரல் கேட்டால் எடுப்பான்.

மலைப்பு இன்னும் தீராத,
உன் அம்மா