பச்சைக் கதவின் மறுபாதி

மூன்று நாளாக ஜாம் போத்தலில் ஊறிக்கொண்டிருந்த பெயிண்ட் ஸ்பிரேயர் முனையை இன்று காலை வெளியே எடுத்தேன். மூடியைத் திறந்ததும் எழுந்த தின்னர் வாடையோடு நீ என் சமையலறைக்குள் வந்து நின்றாய். மூக்கை முக்காட்டின் நுனியால் பொத்திக்கொண்டு, "ஜன்னலத் தொற புள்ள. நீ மயங்கி வுழுந்தா தூக்க எனக்கு ஏலா" என்றாய். எழுந்து போய் ஜன்னலைத் திறந்தேன். மஹய்யாவையில் மழை விட்டிருந்தது. போத்தலின் அடியில் உன் பச்சை கரைந்து கிடந்தது.

ஆசிரியர் அறையில் பதினொரு வருடம் நம் கதிரைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. டிசம்பரில் நத்தாருக்கு முன் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வருகிறேன் என்ற பாஸ் எனக்கு வரவில்லை. பெருநாளுக்கு முன் வருகிறேன் என்றவர் உனக்கு வரவில்லை. இரண்டு பேரும் ஒரே ஆள் என்று தெரிந்த அன்றுதான், கையில் பிடித்து அடிக்கிற இந்தச் சின்ன ஸ்பிரேயரைச் சேர்ந்து வாங்கினோம். பெருநாளுக்கு முன் அது மடவளையில் உன் வீட்டில் இருக்கும், நத்தாருக்கு முன் என் வீட்டில். சட்டம் ஒன்றுதான், அதையும் நீதான் போட்டாய்: "கழுவாமக் கை மாத்தக் கூடா."

முதலில் என் அலுமாரிக்கு அடித்தோம். நோன்பு மாதத்துப் பேரீச்சம்பழப் பெட்டிகளைப் பிரித்துத் தட்டையாக்கிக் கொண்டுவந்திருந்தாய். அட்டையில் அடித்துப் பார்த்து, பெயிண்ட் மணல் போலத் தெறித்தால் இன்னும் கொஞ்சம் தின்னர் விடுவாய். எனக்குப் பொறுக்கவில்லை. அலுமாரிக்கு முன்னால் நின்று, கையை அசைக்காமலே விசையை அமுக்கினேன். ஒரே இடத்தில் நீலம் குவிந்து வழிந்தது.

"டீச்சர், அலுமாரி அழுவுது."

"சிரிக்காத. நீ அடிச்சுக் காட்டு பாப்போம்."

"மொதல்ல கைய நடக்க வுடு. நடந்த பொறகு அமுக்கு. நிண்ட எடத்துல அமுக்கினா வழியத்தான் செய்யும்."

நீ மட்டும் பிழையே விடாதவளா? காற்று வீசிய ஒரு வெள்ளிக்கிழமை கேற்றுக்குப் பச்சை அடித்தாய். கொடியில் காய்ந்த உன் கணவர் நானாவின் வெள்ளை ஜுப்பாவை நாம் இருவரும் கவனிக்கவில்லை. அவரும் கவனிக்காமல் அதையே போட்டுக்கொண்டு ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டார். திரும்பி வந்து வாசலில் நின்று, "பள்ளில கேக்குறாங்க, ஊட்டுல கிளி வளக்கிறியா எண்டு" என்றார். நீ ஸ்பிரேயரைக் கீழே வைத்துவிட்டு நிலத்தில் உட்கார்ந்து சிரித்தாய்.

போன வருடப் பெருநாளுக்கு முன், கால் வீக்கம் என்று நீ லீவு போட்டிருந்தாய். உன் வேலை முடிந்ததும் என் ஜன்னல்களுக்கு ஸ்பிரேயர் வேண்டுமென்று முன்பே கேட்டிருந்தேன். நானா ஸ்பிரேயர்ப் பெட்டியைக் கொண்டுவந்து வாசலில் தந்துவிட்டு, தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். திறந்தால், கிண்ணத்தில் பாதிப் பெயிண்ட். முனை, ஊசி எல்லாம் பச்சைக் கல்லாக இறுகியிருந்தன.

நான் அந்த இடத்திலேயே நின்று போனை எடுத்தேன். "இதா நீ போட்ட சட்டம்? கல்லு மாதிரி காஞ்சு கெடக்கு. இனிமே உன் கையில குடுக்க மாட்டேன், சொல்லிட்டேன்." குரல் பதிவாகப் பேசி அனுப்பிவிட்டேன்.

பின்னேரம் உன் குரல் வந்தது. "சுகமா ஈக்கியா புள்ள? மன்னிச்சிக்கோ. தின்னர்ல ஊறப் போடு. நான் வந்து கழுவித் தாரன்." குரல் மெலிந்திருந்தது. நீ தூங்கி எழும்பியிருப்பாய் என்று நினைத்தேன். கோபம் ஆறவில்லை, பதில் அனுப்பவில்லை. ஐந்தாம் நாள் நீ மௌத்தாகிவிட்டாய் என்று பாடசாலையில் சொன்னார்கள்.

துக்கம் கேட்க உன் வீட்டுக்கு வந்தபோது முதலில் கண்ணில் பட்டது முன்கதவு. இரட்டைக் கதவில் ஒரு பக்கம் பளபளத்த பச்சை, மறுபக்கம் வெறும் சாம்பல் நிற அண்டர்கோட். உன் மகள்தான் சொன்னாள். ஒரு பக்கம் அடித்து முடித்ததும் ஏலாமல் நீ உட்கார்ந்துவிட்டாயாம். அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்களாம். சிறுநீரகங்கள் இரண்டும் ஓய்ந்திருந்தனவாம். "டீச்சர் ஜன்னலுக்குக் கேட்டா, பெட்டியக் குடுத்துடுங்க. என்னப் பத்தி ஒண்டும் செல்ல வாணாம், பயந்துடுவா" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி சொன்னாயாம். என் குரலை நீ கேட்டதும் அந்தக் கட்டிலில்தான்.

அதன் பிறகு அந்தப் பெட்டியை நான் தொடவில்லை. மூன்று நாளைக்கு முன் உன் மகள் போனில் பேசினாள்: "ஆன்ட்டி, நோம்பு வருது. கதவு அப்பிடியே ஈக்கு. பாஸக் கூப்புட வாப்பா வுடுறாரில்ல. நீங்க வாங்களே." ஊறப் போட்டது அன்றைக்குத்தான். நீ சொல்லி ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து.

இன்று பகல் உன் வாசலில் நின்றேன். "அந்தப் பக்கத்துல ஒரு சொட்டும் படக் கூடா டீச்சர்" என்றார் நானா. உன் பாதியை மூட மகள் பேரீச்சம்பழ அட்டைகளைக் கொண்டுவந்தாள். அவற்றில் நீ அடித்துப் பார்த்த பழைய கோடுகள் இருந்தன. விசையில் விரலை வைத்தபடி அசையாமல் நின்றேன். மகள் மெல்லச் சொன்னாள்: "ஆன்ட்டி, மொதல்ல கைய நடக்க வுடணும் எண்டு உம்மா செல்லுவா."

"தெரியும் மகள்."

கையை நடக்க விட்டேன். பிறகு அமுக்கினேன். ஓர் இடத்திலும் வழியவில்லை.

காய்ந்த பின் அட்டைகளை எடுத்துப் பார்த்தோம். என் பக்கம் புதுப் பச்சை. உன் பக்கம் ஒரு வருட வெயிலும் மழையும் கண்டது. நானா வெகுநேரம் பார்த்தார். "வித்தியாசம் தெரியுது" என்றார். பிறகு, "தெரியட்டும்" என்றார்.

உன் பைப்படியில் குந்தியிருந்து ஸ்பிரேயரைக் கழுவினேன். ஊசியைக் கழற்றித் துடைத்து, வெறும் தின்னரை அடித்து, நிறமில்லாமல் வரும்வரை கழுவிப் பெட்டியில் வைத்து மகளிடம் கொடுத்தேன். பெருநாளுக்கு முன் இது உங்கள் முறை.

பஸ்ஸில் வரும்போது போனில் உன் குரலை மறுபடி கேட்டேன். நான் அத்தனை ஏசியும் நீ முதலில் கேட்டது என் சுகத்தைத்தான். இப்போது நானும் அப்படித்தான். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையிடமும், சொன்ன நாளில் வராத பாஸிடமும், வேறு எதையும் பேசுமுன் சுகமா என்று கேட்டுவிடுகிறேன். அன்றைக்கு உன்னிடம் மட்டும் கேட்கவில்லை.