நீல மழைக்கோட்டுக்காரன்

அக்டோபர் 9, வியாழன். பீடோங், மலேசியா

காலையிலிருந்து மழை. எங்கள் குலசேகரத்து மழையை விட்டுவிட்டு இன்னொரு நாட்டு மழையைப் பார்க்க வந்திருக்கிறேன். அறுபத்தெட்டு வயதில் முதுகில் பை, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

பையில்: சேலை மூன்று (இரண்டு ஈரம்), தைலம், ஜெபமாலை, அவல், இந்த நோட்டு. குடை இல்லை. ஈப்போ சாப்பாட்டுக் கடையில் போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பச்சைச் சட்டைக்காரிதான் எடுத்திருப்பாள். முகம் மறக்கவில்லை.

பேத்தி ஜெனி சொல்வது: "மழைக்காலத்துல கூட்டம் இருக்காது பாட்டி. நம்ம இஷ்டத்துக்குச் சுத்தலாம்." பீடோங்கில் சுற்ற என்ன இருக்கிறது? ஒரு கடைத்தெரு. சுற்றிலும் எண்ணெய்ப்பனை, ரப்பர். நாற்பது வருடம் ரப்பர் பால் வெட்டியவளுக்கு ரப்பர் காட்ட விமானமா?

தங்கியிருக்கும் வீட்டுக்காரி காமாட்சி. "இந்த மழையில டூரிஸ்ட் யாரும் வர்றதில்லலா. நீங்கதான் மொத ஆளு" என்றாள். அவளுக்கும் சந்தேகம்தான் போல.

சாயங்காலம் ஒருவன் மோட்டார் சைக்கிளில் வீட்டைத் தாண்டினான். நீல மழைக்கோட்டு, ஹெல்மெட். மிக மெதுவாக. கொஞ்ச நேரத்தில் திரும்பவும் அவனே. கேட்டைப் பூட்டச் சொன்னேன்.

வெள்ளி

மழை. சேலை காயவில்லை.

லங்காவிக்கு எப்போது என்று கேட்டேன். "மழை விடட்டும் பாட்டி." கோலாலம்பூரில் கொட்டுகிற மழையில் அலையவிட்டவள் இவள்.

குளியலறைக்குள் நின்று போன் பேசினாள். கதவு மெல்லிய கதவு. "இல்ல, பாட்டிக்கு இன்னும் தெரியாது. சொன்னா உடனே டிக்கெட்டை மாத்திடுவா. நீங்க அவசரப்படாதீங்க."

பையன் விஷயம். வேறென்ன. இவள் அம்மாவும் இப்படித்தான் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள், பிறகு கல்யாணம் என்று வந்து நின்றாள். எந்த ஊர்ப் பையன், நம் வேதமா, வேறு வேதமா? கேட்கவில்லை. தானாக வெளியே வரும்.

நீலக்கோட்டு இன்றும் வந்தான். வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. திருட வருகிறவன்தான் அப்படித் திரும்பாமல் போவான்.

சனி

மத்தியானம் மழை விட்டது. காமாட்சி வீட்டுக்குப் பின்னால் யாருடையதோ ரப்பர், இருபது முப்பது மரம். கால் தன்னால் போனது.

முதல் மரத்திலேயே நின்றுவிட்டேன்.

பால் இறங்கப் பட்டையில் போடும் வெட்டு ஊரெல்லாம் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் இறங்கும். இது வலப்பக்கம் உயர்ந்து இடப்பக்கம் இறங்குகிறது. அடுத்த மரமும். எல்லா மரமும். கோடு முடிகிற இடத்தில் ஒரு சின்னக் கொக்கி.

இந்தக் கையை எனக்குத் தெரியும். நான் கத்தி பிடிக்கச் சொல்லிக்கொடுத்த கை. இடது கை. "இப்படி வெட்டினா பால் குறையும்டா" என்று எத்தனை முறை அடித்திருப்பேன். என் தம்பி செல்லையன்.

காமாட்சியிடம் மரம் யாருடையது என்றேன். "மரம் ஒரு சீனருடையது. பால் வெட்டுறது செல்லையா அண்ணன். உங்க ஊருப் பக்கம்தான். மழ பேஞ்சா வேல ஏது? நீலக் கோட்ட மாட்டிக்கிட்டு மோட்டோர்ல சும்மா சுத்துவாரு."

ஜெனியைக் கூப்பிட்டேன். என் முகத்தைப் பார்த்ததும் அழுதாள். அவன் மகள் போனில் இவளைத் தேடிப் பிடித்தாளாம். நாலு மாதப் பழக்கமாம். என்னைக் கூட்டிக்கொண்டு வருவதாக இவள் வாக்குக் கொடுத்தாளாம்.

"அப்போ எனக்கு ஊர் சுத்திக் காட்டல. இழுத்துட்டு வந்திருக்கே."

"தாத்தாவுக்கு உங்களைக் கண்டா பேடி பாட்டி. வாசல் வரைக்கும் வருதாரு, பயந்து திரும்பிப் போயிடுதாரு."

"கத்தியை எடுப்பேன்னா?"

"அப்படித்தான் சொன்னாரு."

நாளை மறுநாள் பதினொரு மணி பஸ்ஸில் கிளம்புகிறோம் என்றேன்.

ஞாயிறு

மழை. பூசைக்குப் போகவில்லை. ஜெனியோடு பேச்சில்லை. அவல் மட்டும்.

இரண்டு வருடம் என்று சொல்லி இந்த நாட்டுக்கு வந்தவன். ஜொகூரிலிருந்து ஒரு கடிதம். அதோடு சரி. அம்மா பதினொரு நாள் சாகக் கிடந்தாள். ஒவ்வொரு நாளும் என்ன சொன்னாள் என்று என்னால் இப்போதும் வரிசையாகச் சொல்ல முடியும். ஒன்பதாம் நாள் என்னையே செல்லையா என்று கூப்பிட்டாள். நானும் ம் என்றேன். தந்தி அடித்தோம். பதில் இல்லை. அவன் போய் முப்பத்தோரு வருடம்.

மோட்டார் சத்தம் மூன்று முறை. ஜன்னலுக்குப் போகவில்லை.

திங்கள்

விடியும்போது மழை இல்லை. மரப்பட்டை காய்ந்திருந்தது. காமாட்சியின் கொட்டகையில் பழைய பால்வெட்டுக் கத்தி ஒன்று, தீட்டினேன். நம் ஊர்க் கத்தி மாதிரி இல்லை. இரண்டு இழுப்பில் கை பழகிவிட்டது.

முதல் மரம். அவன் வெட்டைத் தொடவில்லை. மறுபக்கம், ஒரு சாண் நீளம், இடப்பக்கம் உயர்த்தி, ஒழுங்காக. பால் வந்தது. பால் பிடிக்க ஒரு தேங்காய்ச் சிரட்டை வைத்துவிட்டு வந்தேன். பால் வெட்ட வருகிறவன் பார்க்கட்டும். யார் கை என்று அவனுக்குத் தெரியும். அம்மா சாகும்போது ஊரில் யார் இருந்தது என்றும் தெரியட்டும்.

மணி ஒன்பது. பை கட்டியாகிவிட்டது.

ஒன்பதரை. மோட்டார். தாண்டிப் போகவில்லை, கேட்டில் நிற்கிறது. ஜெனி என்னைப் பார்க்கிறாள். நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டான். தலை முழுக்க நரை, அப்பாவின் நெற்றி. இடது கையில் என் சிரட்டை.

முப்பத்தோரு வருடத்துக்குப் பிறகு கேட்டுக்கு வெளியே நின்று அவன் சொல்கிறான்: "அக்கா, வெட்டு ஆழமாப் போயிட்டு. மரத்துக்குக் காயம்."

பொய். ஆழமே இல்லை. மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும்.