சேட்டு அட்டையில் ஒரு கண்டி

அக்கா,

இன்று காலை அடுப்பில் கோதுமை மா பசை காய்ச்சினேன். அடிப்பிடித்துவிட்டது. முதலில் ரொட்டி மணந்தது, பிறகு நனைந்த சுவர், கடைசியில் நீ. புகை போகட்டும் என்று குசினிக் கதவைத் திறந்தேன், யோசித்துவிட்டு மூடினேன். தனியாக இருக்கிறவனுடைய வீட்டில் தேத்தண்ணீரையும் சவர்க்காரத்தையும் தவிர மணக்க ஒன்றும் இருப்பதில்லை. நீ போன இந்த இரண்டு மாதத்தில் நம் குண்டசாலை வீட்டுக்கு வந்த முதல் மணம் இதுதான்.

நாளை சனிக்கிழமை. பிள்ளைகள் வருவார்கள். வருவார்கள் என்றுதான் நினைக்கிறேன். அதைப் பற்றித்தான் உனக்கு எழுத வேண்டும். வேறு யாரிடமாவது சொன்னால் ஆறுதல் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

நானும் பிள்ளைகளின் அம்மாவும் பிரிந்தபோது வழக்கறிஞர் சிங்களத்தில் எழுதித் தந்த உடன்பாட்டை நானே தமிழாக்கினேன். மொழிபெயர்ப்பாளன் தன் குடும்பக் காகிதத்தை இன்னொருவனிடம் கொடுத்துப் பிழை விடச் செய்வானா? "சனிக்கிழமை காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணி வரை, பிள்ளைகளின் விருப்பத்துக்கமைய, தந்தையுடன்." வாக்கியம் நன்றாக அமைந்தது. உன்னிடம் வாசித்துக் காட்டினேன். பாராட்டுவாய் என்று எதிர்பார்த்தேன்.

"விருப்பத்துக்கமையன்னா? யாருடா முடிவு பண்றது?" என்று கேட்டாய்.

"பிள்ளைங்கதான்."

"நிவேதாவும் கவினுமா? அதுக்கு இன்னும் சப்பாத்து லேஸ் கட்டத் தெரியாதேடா."

"சட்டம் அப்படித்தான் அக்கா."

"சரி" என்றாய். உன்னுடைய "சரி"க்குச் சம்மதம் என்று பொருள் கிடையாது. பேச்சு முடிந்தது, வேலை தொடங்குகிறது என்றுதான் பொருள். எனக்கு அது அன்று தெரியவில்லை.

முதல் இரண்டு சனிக்கிழமைகளை நானே பொறுப்பேற்று நடத்தினேன். படங்களோடு கூடிய உலக வரலாறு ஒன்று வாங்கி வைத்திருந்தேன். இரண்டு பேரும் கதிரையில் கால் தொங்க, மருந்துக்குக் காத்திருக்கும் நோயாளிகள் போல் உட்கார்ந்து கேட்டார்கள். நான் எகிப்தை முடிக்குமுன் கவின் கை தூக்கினான். சந்தேகம் கேட்கப்போகிறான் என்று மகிழ்ந்தேன்.

"அப்பா, அஞ்சு மணி எப்ப வரும்?"

அந்தக் கிழமைதான் நீ வேலை பார்த்த துணிக்கடையிலிருந்து சேட்டு அட்டைகளைக் கொண்டுவந்தாய். புதுச் சேட்டுக்குள் முதுகு நிமிரச் செருகியிருக்கும் வெள்ளை அட்டை, கழுத்துப் பட்டியைச் சுற்றும் பிளாஸ்டிக் துண்டு, மெல்லிய தாள். வாங்கியவர்கள் எறிந்துவிட்டுப் போகிறவற்றை ஒரு பையில் சேர்த்திருந்தாய். சனிக்கிழமை கடையில் கூட்டம் கூடும் நாள். அந்த நாளில் லீவு கேட்பதற்காக ஞாயிறும் போயா விடுமுறையும் வேலைக்கு நின்றாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால், "எனக்குப் பொழுது போகணும்ல" என்று சொல்லியிருப்பாய்.

மேசையில் முதலில் எழுந்தது கண்டி மணிக்கூட்டுக் கோபுரம். பிறகு பஸ் நிலையம், மார்க்கட், ரயில் நிலையம். சேட்டின் நீல உள்துணியில் ஒரு குளம் விரித்தாய். அதன் நடுத்தீவு யோகட் கோப்பையின் மூடி. கவின் குளத்துக்குள் ஒரு ரப்பர் டைனோசரை இறக்கினான்.

"கண்டிக் குளத்தில் அப்படியொரு விலங்கு இல்லை" என்றேன்.

"நீ பாத்தியா? தண்ணிக்குள்ள எறங்கிப் பாத்தியாடா?" என்றாய். கவின் விழுந்து விழுந்து சிரித்தான். இந்த வீட்டில் அவன் சிரித்த முதல் நாள் அது. என் செலவில் என்றாலும் நான் குறைசொல்லவில்லை.

ஹந்தானை மலைக்குப் பழைய பத்திரிகைகளைக் கசக்கினாய். எல்லாம் என் நையாண்டிப் பத்தி வந்த பக்கங்கள். கேட்டதற்கு, "ஒன் எழுத்துல நல்ல கனம் இருக்குடா. மலைக்கு ஆகும்" என்றாய். நிவேதா, "அத்தை, நீங்களும் அப்பாவும் பொறந்த வீடு எங்க?" என்று கேட்டபோது மலைச்சரிவில் ஒரு தீப்பெட்டியை ஒட்டினாய். நம்முடைய தேயிலைத் தோட்டத்து லயத்து அறையைவிட அளவு கொஞ்சம் பெரிதுதான் என்று சொன்னேன். அன்றைக்கு நீ என்னைத் திட்டவில்லை. இன்னொரு தீப்பெட்டியை எடுத்துப் பக்கத்தில் ஒட்டினாய், அதற்கும் பக்கத்தில் இன்னொன்று.

அந்த நகரத்தில் ஆட்கள் மட்டும் இல்லை. கவின் கேட்டான். "எல்லாரும் வேலைக்குப் போயிருக்காங்க" என்று சொல்லிவிட்டாய்.

எனக்கு உன்னிடம் இருந்த ஒரே குறை, நீ எதையும் முடிக்கமாட்டாய் என்பது. மூன்று வருடமாக நம் சாப்பாட்டு மேசையில் ஒரு நகரம் கட்டுமானத்தில் இருந்தது. நான் மடியில் சோற்றுக் கோப்பையை வைத்துச் சாப்பிட்டேன். நாலரை மணியானால் புதிதாக ஒரு அட்டையை எடுப்பாய், நிவேதாவிடம் கூரை வரையச் சொல்வாய், கவினை வெட்டவிடுவாய், வெட்டியதும் எல்லாவற்றையும் ஒதுக்கிவைப்பாய். "ஒட்டினது காயணும். ஒரு கிழமையாவது ஆகும். இத அடுத்த சனிக்கிழமதான் வைக்கலாம்."

ஒரு நாள் பொறுக்க முடியாமல், "மா பசை இரண்டு மணித்தியாலத்தில் காய்ந்துவிடும்" என்று பிள்ளைகள் முன்னால் சொன்னேன். தகவல் சரியானதுதான். மேசைக்குக் கீழே என் வலது காலை மிதித்தாய். தெரியாமல் பட்டுவிட்டது என்று நினைத்து, நான் காலை இழுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன்.

ஆடி மாதம் உனக்கு டெங்கு வந்தது. நாலே நாள். உன்னைக் கூடத்தில் வைக்க இடம் வேண்டியிருந்ததால் மேசையைப் பின்னறைக்கு நகர்த்த வேண்டியதாயிற்று. நாலு பேர் நாலு மூலையைப் பிடித்து, குளம் சரியாமல் நகரத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். உன்னையும் அதே நாலு பேர்தான் தூக்கினார்கள். நகரத்தைத் தூக்கும்போது இன்னும் கவனமாக இருந்தார்கள் என்று எனக்குத் தோன்றியது. துக்கத்தில் இப்படியெல்லாம் தோன்றும் என்கிறார்கள். எனக்கு எப்போதும் தோன்றுவதுதான்.

அதற்குப் பிறகு நகரம் என் நிர்வாகத்தின் கீழ் வந்தது. நீ விட்டுப்போனதை முடித்துக்கொடுப்பது என் கடமை என்று நினைத்தேன். இறந்தவர்களுக்காக நாம் செய்யும் முட்டாள்தனங்களில் பெரும்பாலானவை இந்த நினைப்பிலிருந்துதான் தொடங்குகின்றன. தொலைபேசியில் காணொளிகள் பார்த்தேன். ஒரு பெண் சந்தோஷமான இசைக்கு நடுவே மூன்று நிமிடத்தில் மாளிகை கட்டுகிறாள். அவள் வைத்திருந்த, பசையை உருக்கி ஊற்றும் துப்பாக்கியை நானும் வாங்கினேன். இரண்டு விரல் வெந்தது. ஆனால் ஒட்டியது ஒட்டியதுதான். எல்லாக் கட்டடங்களையும் அளவுக்கு வெட்டினேன். மூன்று மொழியிலும் பெயர்ப்பலகை எழுதி ஒட்டினேன். கண்டி மாவட்டத்திலேயே தமிழ் எழுத்துப்பிழை இல்லாத பஸ் நிலையம் இப்போது நம் பின்னறையில் இருக்கிறது. டைனோசரை எடுத்து இழுப்பறைக்குள் போட்டேன்.

மூன்று சனிக்கிழமையில் கண்டி முடிந்தது. படம் எடுத்துப் பிள்ளைகளின் அம்மாவுக்கும் அனுப்பினேன்.

நிவேதா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசையை ஒருமுறை சுற்றிவந்தாள். "அழகா இருக்கு அப்பா" என்றாள். உறவினர் வீட்டுக்குப் போய்ச் சொல்கிற "அழகா இருக்கு" அது. "இனி என்ன பண்றது?" என்று கவின் கேட்டான். இரண்டு பேரும் போய்க் கதிரையில் உட்கார்ந்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை காலை எட்டரைக்கு அவர்களுடைய அம்மா தொலைபேசியில் பேசினாள்.

"இன்னைக்கி அவங்களுக்கு வர விருப்பமில்லயாம். நான் ஒன்னும் சொல்லிக்குடுக்கல்ல. நீங்க கோவிச்சுக்க வேணாம்."

அவள் நல்லவள், அக்கா. பொய் சொல்கிறவளும் இல்லை. உடன்பாட்டில் உள்ள சொல்லைத்தான் பயன்படுத்தினாள். என் மொழிபெயர்ப்பைப் பிழையின்றிப் புரிந்துகொண்ட ஒரே வாசகி.

அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. மூன்றாவது கிழமை இன்னும் மரியாதையாகப் பேசினாள். கட்டுகஸ்தோட்டையில் அபாகஸ் வகுப்பொன்று தொடங்கியிருக்கிறதாம், சனிக்கிழமை முழுநாளும். "எப்படியும் அவங்க வீட்லதானே இருக்காங்க. சேத்துவிடவா? செவ்வாக்கிழமக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க."

அன்று பகல் முழுக்க நகரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். மழை. பக்கத்து வீட்டில் தொலைக்காட்சி ஓடியது, நின்றது. நான் கட்டிய கண்டியில் ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியவில்லை. எழுத்தில் நான் பிறரைக் கேலி செய்து பிழைத்தவன். எல்லாம் சரியாக இருந்து, அதில் யாருக்கும் வேலை இல்லாமல் போகிற நிறுவனங்களைப் பற்றி எத்தனை பத்தி எழுதியிருக்கிறேன். அப்படியொன்றை வீட்டுக்குள்ளேயே அளவெடுத்துக் கட்டியிருந்தேன்.

நாலரை மணிக்கு எனக்கு என் வலது கால் ஞாபகம் வந்தது.

நீ மிதித்தது தெரியாமல் பட்டதல்ல. "சரி" என்று சொல்லிவிட்டு மூன்று வருடமாக நீ செய்துகொண்டிருந்தது என்ன என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அடுத்த சனியும் வரத் தோன்றும்படி, பிள்ளைகளின் விருப்பத்தை நீ சனிக்குச் சனி வெட்டி, ஒட்டாமல் வைத்திருந்திருக்கிறாய். நூற்றுக்கும் மேற்பட்ட சனிக்கிழமைகள். நான் மடியில் கோப்பையை வைத்துக்கொண்டு முணுமுணுத்தேன்.

எழுந்து ரயில் நிலையத்தின் கூரையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. என் வாழ்க்கையில் நான் ஒட்டிவைத்தவற்றில் உறுதியாக நின்றது அது ஒன்றுதான் போலிருக்கிறது. கடைசியில் மரக்கறி வெட்டும் கத்தியால் அறுத்தேன். மார்க்கட்டின் ஒரு பக்கத்தையும் சாய்த்தேன். பிறகு அவர்களுடைய அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, நிவேதாவிடம் கொடுக்கச் சொன்னேன்.

"ரயில் ஸ்டேசன் கூரை விழுந்துருச்சிம்மா."

"எப்படி?"

"தெரியல. மழையில இருக்கும்."

"வீட்டுக்குள்ளயா?"

அரச அலுவலகத்தில் இருபது வருடம் வேலை செய்தவனுக்கு அதற்குமேல் ஒரு விளக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தப் பக்கம் கவின் ஏதோ கேட்பதும், அவள் "உஷ்" என்பதும் கேட்டது. பிறகு, "அப்பா, நீங்க ஒட்டிறாதீங்க. ஒன்னையும் தொடாதீங்க. நாங்க வர்றோம்" என்றாள்.

போன சனிக்கிழமை வந்தார்கள். நிவேதா கூரையைத் திருப்பிப் பார்த்தாள். அறுத்த இடத்தில் விரலை ஓட்டினாள். என்னை நிமிர்ந்து பார்க்காமல், "கத்தியால வெட்டினா ஓரம் பிசிறும் அப்பா. அத்தை கத்தரிக்கோல்தான் எடுப்பாங்க" என்றாள். குற்றப்பத்திரிகை அவ்வளவுதான். கவின் குளத்தைத் துழாவி, "என் டைனோசர அரெஸ்ட் பண்ணிட்டீங்களா?" என்று கேட்டான். இழுப்பறையைத் திறந்து விடுதலை செய்தேன். பகல் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். என் பெயர்ப்பலகைகளில் இரண்டைப் பிய்த்துப் பாலமாக்கினார்கள்.

ஐந்து மணிக்கு அவர்களுடைய அம்மா வாசல் கேட்டுக்கு வந்தாள். "எல்லாம் சரி பண்ணியாச்சா?"

"எங்கம்மா முடிஞ்சது!" என்றாள் நிவேதா. "கடுகண்ணாவ வரைக்கும் ரோடு போடணும். மலையில வளைஞ்சு வளைஞ்சு போகுமே, அது. அதுக்கப்பறம்தான் கொழும்பு."

"கொழும்புக்குமா?"

"பின்ன, ரோட்டப் பாதியில விடச் சொல்றீங்களா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் முகத்தை எப்போதும் போல வைத்துக்கொண்டேன். அது ஒன்றுதான் எனக்குக் கைவந்த கலை. "அப்ப அந்த அபாகஸ்..." என்று தொடங்கியவள், "சரி, பாப்போம்" என்று முடித்தாள். "பாப்போம்" என்பதை எந்த மொழியிலும் உறுதியாக மொழிபெயர்க்க முடியாது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் அதை வைத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

ரோட்டுக்கு அட்டை வேண்டுமே. நேற்று வேலை முடிந்து உன் கடைக்குப் போனேன். சேட்டுப் பகுதியில் இப்போது தலையில் கறுப்புத் துணி கட்டிய ஒரு பெண்பிள்ளை நிற்கிறது. யார் என்று சொன்னதும் உள்ளே போய் ஒரு பெரிய அட்டைக் கட்டைத் தூக்கிவந்தது. நீ போன பிறகும் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

"அக்காட புள்ளகளுக்குத்தானே?" என்று கேட்டது. "மகளுக்கு ரோஸ் தாள் விருப்பம் எண்டு அக்கா எப்பயும் வேறயா எடுத்து வெப்பாங்க. அதுவும் உள்ளுக்கு இரிக்கி. மகன் இப்ப ஸ்கூல் போறாரா?"

அங்கே, அந்தச் சேட்டுகளுக்கு நடுவே, மூன்று வருடமாக உனக்கு ஒரு மகளும் மகனும் இருந்திருக்கிறார்கள். எனக்கு நீ சொல்லவே இல்லை. பிழை எங்கே கண்டாலும் திருத்துகிறவன் நான். எதிரில் நிற்பவரின் இலக்கணத்தைக்கூட விட்டதில்லை.

"ஆமா" என்றேன். "அவங்களுக்குத்தான். ஸ்கூல் போறாரு."

குண்டசாலை பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அட்டைக் கட்டை மற்றக் கையால் நெஞ்சோடு சேர்த்து அணைத்தபடி வீடு வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன். கனம் ஒன்றும் இல்லை, அக்கா. மடங்கிவிடக் கூடாது, அவ்வளவுதான்.