மூலையிலிருந்து எட்டு

ஈரி, பென்சில்வேனியா
நவம்பர் 19, 2022

மதிப்புக்குரிய மேப்ரி அம்மா அவர்களுக்கு,

மானம் போன கதையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதிராளியை மறிக்க இடுப்பை எப்படித் தாழ்த்தி நிற்க வேண்டும் என்று உங்கள் மகன் கீஷானுக்குக் காட்டினேன். எனக்கு வயது ஐம்பத்து மூன்று. கால்சட்டை பின்பக்கம் முழு நீளத்துக்குப் பிளந்துவிட்டது. பன்னிரண்டு ஆட்டக்காரர்களோடு, தேசிய கீதம் ஒத்திகை பார்க்க வந்திருந்த தேவாலயப் பாடகர் குழுவும் பார்த்தது. கீஷான் மட்டும் சிரிக்கவில்லை. தன் துண்டை எடுத்து என் இடுப்பில் கட்டிவிட்டு, "இப்ப சொல்லுங்க கோச், காலை எங்க வைக்கணும்?" என்றான். பிள்ளையை இப்படி வளர்த்ததற்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மின்னஞ்சலில் எழுதியிருப்பேன். "எங்கம்மா தபாலாபீஸ்ல கடுதாசி பிரிக்கிறவங்க கோச். மெயில் அனுப்புனீங்கன்னா அவங்க சோத்துல மண்ணள்ளிப் போட்டதா நெனப்பாங்க" என்று அவன்தான் எச்சரித்தான்.

நிலவரம் இதுதான். பிட்ஸ்பர்க் பெரிய கூடைப்பந்து அணி அவனை எடுத்துக்கொண்டதே தவிர, அங்கே ஆட இடமில்லை. ஆடிப் பழகட்டும் என்று தங்கள் சின்ன அணியான எங்களிடம் அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு மணி நேரப் பயணம். நினைத்த நேரத்தில் திரும்ப அழைத்துக்கொள்வார்கள். தினமும் காலையில் அங்கிருந்து ஒரு தாள் வரும். கீஷானுக்கு அதில் ஒரே கட்டளை: ஆட்டத்துக்கு எட்டு முறை, ஆடுகளத்தின் மூலையில் நின்று தூரத்திலிருந்து கூடைக்கு எறிய வேண்டும். இப்போதெல்லாம் நெட்டையர்களும் தூரத்திலிருந்து எறிந்தால்தான் மதிப்பாம். ஆறடி பதினோரு அங்குல ஆள், கல்லூரியில் கூடைக்கு அடியிலேயே குடியிருந்தவன். அவன் மூலையில் நிற்பது, மாடிப்படிக்கு அடியில் பியானோவைத் திணித்த மாதிரி இருக்கிறது.

அவன் ஆட வேண்டும் என்பதற்காக லானி ப்ரூயிட்டை உட்கார வைத்தோம். முப்பத்தொரு வயது, ஒன்பது வருடமாகச் சின்ன அணிகளிலேயே சுற்றிக்கொண்டிருப்பவர். "பரவால்ல கோச், இதவிட நல்ல சீட்டு காசு குடுத்தாலும் கெடைக்காது" என்கிறார்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். இந்த ஊர்ப் பெப்பரோனி உருண்டை, அதாவது இறைச்சி அடைத்த ரொட்டி, வேளைக்கு ஒன்பது உள்ளே போகிறது.

தங்கள் உண்மையுள்ள,
வெர்னன் ஸ்டக்ஸ்
உதவிப் பயிற்சியாளர் (மூவரில் மூன்றாமவர்)


கிளார்க்ஸ்டேல், மிசிசிப்பி
டிசம்பர் 4

கோச் ஸ்டக்ஸ் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை வேலை நேரத்தில் படித்து மாட்டிக்கொண்டேன். மேற்பார்வையாளர் லிட்டில்ஜான் முறைத்தார். பிறகு தானும் வாங்கிப் படித்தார். உங்கள் கால்சட்டையை இப்போது இந்தத் தபால் நிலையத்தில் அறியாதவர் இல்லை.

கீஷான் ஞாயிறுதோறும் வீடியோவில் கூப்பிடுகிறான். "ஏன்டா கன்னம் ஒட்டிப்போச்சு?" என்றால், "எல்லாம் நல்லாருக்கும்மா." "ஆட விடறாங்களா?" "எல்லாம் நல்லாருக்கும்மா." அவன் அப்பாவும் ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் வரை இதையேதான் சொன்னார்.

அதனால் உங்களைக் கேட்கிறேன். என் பிள்ளையை அந்தப் பெரிய அணி வைத்துக்கொள்ளுமா, கழற்றிவிடுமா? இனிப்புத் தடவாமல் சொல்லுங்கள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து கூடைக்கடியை விட்டு அவனை யாரும் நகர்த்தியதில்லை. அவனுக்கு எதற்கு மூலை? தண்டனையா?

மக்காச்சோள மாவில் இறைச்சி வைத்து அவித்த டமாலே, பனிக்கட்டி வைத்து அனுப்பியிருக்கிறேன். அவன் பங்கில் கை வைத்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

ஒடெஸா மேப்ரி


ஈரி
ஜனவரி 14, 2023

அன்புள்ள ஒடெஸா அம்மா,

டமாலே வந்து சேர்ந்தது. மூன்றுதான் எடுத்தேன். நான்கு என்று அவன் சொன்னால் நம்பாதீர்கள்.

உண்மையைக் கேட்டீர்கள். இதுவரை ஏழு முறை மேலே அழைத்திருக்கிறார்கள். ஏழு முறையும் திருப்பி அனுப்பினார்கள். கடைசியாக இந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் போன் வந்தது. பனியில் வண்டி ஓட்டிக்கொண்டு போனான். சீருடைக்கு மேல் போட்ட சட்டையைக்கூடக் கழற்றாமல் பெஞ்சில் இருந்தான். மறுநாள் பதினோரு மணிக்கு எங்களுக்கு ஆட்டம் என்பதால் விடிந்ததும் திரும்பி வந்தான்.

அது பள்ளிக்கூடத்து ஆட்டம். வருடத்துக்கு ஒரு முறை பகலில் வைத்து, ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் பேருந்தில் கொண்டுவந்து கொட்டுவோம். நாலாயிரம் பிள்ளைகள். யார் எறிந்தாலும் அலறும், யாரும் எறியாவிட்டாலும் அலறும். எதிரே வீலிங் அணி. கீஷான் மூலையில் நின்று நான்கு எறிந்தான், நான்கும் வெளியே. பெஞ்சிலிருந்து ப்ரூயிட் கத்தினார்: "ஏய் கீஷான்! அந்த மூலைய பட்டா போட்டு வாங்கிட்டியா? உள்ள போடா!"

அவன் என்னைப் பார்த்தான். எனக்குச் சட்டென்று காலணிக் கயிற்றைக் கட்ட வேண்டியிருந்தது. நிமிர்ந்தபோது அவன் கூடைக்கடியில் இருந்தான்.

முப்பத்தொரு புள்ளிகள், அம்மா. பதினேழு முறை கூடையில் பட்டுத் திரும்பிய பந்தைப் பிடித்தான். ஒருவராலும் அவனை அசைக்க முடியவில்லை. நாலாயிரம் பிள்ளைகள் அவன் பேரைச் சொல்லித் தரையை மிதித்தார்கள். பக்கத்தில் நின்ற, பேர் தெரியாத ஆசிரியை ஒருவரை நான் கட்டிப்பிடித்துவிட்டேன். மன்னிப்பும் கேட்டுவிட்டேன்.

மறுநாள் பிட்ஸ்பர்க்கிலிருந்து விட்கோம் கூப்பிட்டார். புது ஆட்டக்காரர்களை வளர்ப்பது அவர் பொறுப்பு. தாள் அனுப்புவதும் அவர்தான்.

"முப்பத்தொண்ணு எடுத்தானாமே?"

"ஆமா சார்! நீங்க பாத்திருக்கணும்."

"மூலைலேர்ந்து எத்தன?"

"நாலு."

"நான் சொன்னது?"

"எட்டு சார்."

"அப்ப அவன் ஆடவே இல்ல, ஸ்டக்ஸ்."

வைத்துவிட்டார்.

அன்புடன்,
வெர்னன்


கிளார்க்ஸ்டேல்
ஜனவரி 27

கோச்,

அந்த ஆட்டத்தை லிட்டில்ஜான் போனில் ஏழு முறை போட்டுப் பார்த்தோம். கூடையையும் என் பிள்ளையையும் தவிர வேறெதுவும் என் கண்ணில் படவில்லை. கடிதம் பிரிக்கும் இயந்திரம் அடைத்துக்கொண்டு நின்றதைக்கூட யாரும் கவனிக்கவில்லை. "இவன என்னத்துக்கு மூலைல நிறுத்துறானுங்க? கொடி கட்டவா?" என்று லிட்டில்ஜான் கேட்டார்.

உங்களுக்கு வாய் இருக்கிறது, நன்றாக எழுதவும் வருகிறது. அந்த விட்கோமுக்கு எழுதுங்கள். என் மகன் யார் என்று சொல்லுங்கள். நான் எழுதினால் பெற்றவள் புலம்பல் என்று ஓரமாக வைப்பார்கள். உங்களிடம் வேறெதுவும் இனி கேட்க மாட்டேன்.

ஒடெஸா


ஈரி
பிப்ரவரி 10

அன்புள்ள ஒடெஸா அம்மா,

எழுதவில்லை. மூன்று முறை உட்கார்ந்தேன். மூன்று முறையும் "மதிப்புக்குரிய விட்கோம் அவர்களுக்கு" வரை அருமையாக வந்தது. அடுத்த வருடம் பிட்ஸ்பர்க்கில் ஒரு பயிற்சியாளர் நாற்காலி காலியாகிறது. யாருக்கு என்று முடிவு செய்வது விட்கோம். இதை உங்களிடம் சொல்ல எனக்குக் கூசுகிறது. கூசும் விஷயங்களை வேடிக்கையாகச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். இதை அப்படிச் சொல்ல வரவில்லை.

கீஷானிடம், "மூலைக்கே போயிடுப்பா" என்றேன். "சரி கோச்" என்றான். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த ஆறு ஆட்டங்களில் நாற்பத்தெட்டு முறை எறிந்தான், சொன்ன கணக்குப்படி. ஒன்பதுதான் உள்ளே விழுந்தது.

நேற்று ஆட்டக்காரர்களைப் பரிமாறிக்கொள்ளக் கடைசி நாள். கேன்டனில் மாலை ஆட்டத்துக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தோம். ப்ரூயிட் போனைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். "கீஷான்... உன் பேரு வந்திருக்குடா."

வேறொரு அணியிலிருந்து பெரிய ஆட்டக்காரர் ஒருவரை வாங்கப் பிட்ஸ்பர்க் மூன்று பேரைக் கொடுத்திருந்தது. எண்ணிக்கைக்குச் சேர்த்த மூன்றாவது பேர் உங்கள் மகன். அரை மணிக்குள் அந்த அணியும் அவனை விடுவித்துவிட்டது. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஆஷ்டபூலா பெட்ரோல் நிலையத்தில் பேருந்தை நிறுத்தினோம். பையை இறக்கினான். எல்லோருக்கும் கை கொடுத்தான். என்னிடம் வந்து, "தேங்க்ஸ் கோச். அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றான். ஆட்டம் இருந்ததால் நாங்கள் கிளம்பிவிட்டோம்.

அவன் இடத்தில் ப்ரூயிட் ஆடினார், நன்றாகவே ஆடினார். "சந்தோஷமா இருக்கணும்னு தோணுது கோச், வரமாட்டேங்குது" என்றார்.

அந்தப் பள்ளிக்கூடத்து ஆட்டத்துக்குப் பிறகு நான் வாயைத் திறந்திருந்தால், அவன் எப்படிப்பட்டவன் என்று யாராவது பார்த்திருப்பார்கள். உங்கள் பிள்ளையின் வாழ்வைக் கெடுத்தவன் நான். மன்னிக்க முடியுமானால் மன்னியுங்கள்.

வெர்னன் ஸ்டக்ஸ்


கிளார்க்ஸ்டேல்
மார்ச் 3

கோச் ஸ்டக்ஸ் அவர்களுக்கு,

கீஷான் வீட்டில்தான் இருக்கிறான். மத்தியானம் வரை தூங்குகிறான். பிறகு பந்தை எடுத்துக்கொண்டு பள்ளி மைதானத்துக்குப் போகிறான். ஒரு நாள் காரில் இருந்தபடியே பார்த்தேன். மூலையில் நின்று எறிந்துகொண்டிருந்தான். "உள்ள போய் ஆடுடா, இங்க யாரும் தாள் அனுப்பல!" என்று கத்தினேன். அடுத்த பந்தையும் அங்கிருந்தே எறிந்தான். எந்த அணியும் கூப்பிடவில்லை. கூப்பிடும் என்று ஏஜென்ட்கூட இப்போது சொல்வதில்லை. தபால் வேலைக்கான விண்ணப்பத்தை லிட்டில்ஜான் கொண்டுவந்து கொடுத்தார். கேள்வி கேட்காமல் நிரப்பிவிட்டான்.

உங்கள் கடைசிக் கடிதத்தை இரண்டு வாரம் என்னிடமே வைத்திருந்து, நேற்று அவனுக்குப் படித்துக் காட்டினேன். உங்கள் மேல் அவன் கோபப்படுவான், நானும் கூடச் சேர்ந்து திட்டலாம் என்று காத்திருந்தேன். வீட்டுக்கு வந்த பிறகு முதல் முறையாகச் சிரித்தான். "பாவம்மா கோச். அப்படியா எழுதியிருக்காரு?"

பிறகு சொன்னான். வீலிங் அணியில் இருந்த இரண்டு நெட்டையர்களையும் அன்று காலையில்தான் அவர்களுடைய பெரிய அணி மேலே அழைத்துக்கொண்டதாம். அன்று கூடைக்கடியில் இவனை மறித்து நின்ற ஆளின் உயரம் ஆறடி மூன்று அங்குலம். "அந்த முப்பத்தொண்ணுக்கு மதிப்பில்லன்னு எல்லாருக்கும் தெரியும்மா. ஆட்டத்துக்கு முன்னாடி எங்ககிட்ட வந்து சொன்னதே கோச்சுதான்."

ஒடெஸா மேப்ரி