அடுப்பில் காட்டிய கடிதம்

இன்று காலை துணி தேய்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். இஸ்திரிப் பெட்டியைப் பழைய செய்தித்தாள் மேல் வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வருவதற்குள் தாள் பழுத்து, ஓரம் கருகி, வீடு முழுக்க அந்த வாசனை. பெட்டியை எடுத்து வைத்துவிட்டு அந்தப் பழுப்பையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அதில் எழுத்து ஏதாவது எழும்பி வருகிறதா என்று என் கண் தேடியது. இந்த வயதிலும்.

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்ததைக் கடைசியாக உன் காதோரம் குனிந்தாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் பெரம்பலூருக்கு பஸ் ஏறினேன். நீ சொல்லிக்கொடுத்த பிள்ளைகள், அவர்களுடைய பிள்ளைகள் என்று உன்னைச் சுற்றி ஒரே கூட்டம். எல்லோரோடும் அழுதுவிட்டுத் திரும்பிவிட்டேன். அதனால்தான் இது.

உலகச் சண்டைக் காலத்தில் காகிதம் கிடைக்காமல் அந்தச் சிறுவர் பத்திரிகை நின்றுபோனதே, அங்கிருந்து தொடங்குகிறேன். அரியலூரில் நாம் ஏழாவது படித்துக்கொண்டிருந்தோம். மர்மத் தொடர் பாதியில் இருந்தது. சுரங்கத்துக்குள் இறங்கிய பிள்ளைகள் இறங்கியபடியே நின்றுவிட்டார்கள். நான் இரண்டு நாள் அழுதேன். நீ அழவில்லை. பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தைச் சேர்த்துத் தைத்து ஒரு நோட்டு செய்துகொண்டு வந்தாய்.

"அவங்க நிறுத்தினா என்னடி? நாம எழுதுவோம்."

அப்படித்தான் செவந்தியும் பூரணியும் பிறந்தார்கள். நம் துப்பறியும் சிறுமிகள். ஒரு பாகத்தில் நீ புதிர் போட வேண்டும். அடுத்த பாகத்தில் நான் அதை அவிழ்க்க வேண்டும். ஓடைக் கரையில் கிடக்கும் கல்லாய்ப் போன நத்தைகளை வைத்து நீ ஒரு புதையல் வரைபடம் போட்டாய். நத்தையின் சுழி எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் வழி. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. விடையைச் சொல்லிவிடேன் என்று கெஞ்சினேன். "கேட்டுட்டா அது புதிர் இல்லடி, பாடம்" என்றாய்.

நாலாவது பாகத்தில்தான் எலுமிச்சைச் சாறு வந்தது. பூரணியைக் கொள்ளையர்கள் அடைத்து வைக்கிறார்கள். அவர்கள் கண் முன்னாலேயே அவள் சாதாரணக் கடிதம் ஒன்று எழுதுகிறாள். வரிகளுக்கு நடுவில், பார்த்தால் தெரியாத எழுத்து. அதைச் செவந்தி எப்படிப் படிப்பாள்? இம்முறை மூன்றே நாளில் கண்டுபிடித்தேன். என் வீட்டு அடுப்படியில் உன் முன்னாலேயே தாளைத் தணலுக்குக் காட்ட, உன் கையெழுத்து பழுப்பாக எழும்பி வந்தது. அம்மா, ஆயா வேலை பார்த்த கன்னியாஸ்திரீகள் மருந்தகத்திலிருந்து வந்து, கரியும் சிரிப்புமாக நின்ற நம்மைப் பார்த்து, "வூட்ட கொளுத்தாம விட்டீங்களே" என்றாள்.

விடையை எழுதியது நான். அதை மறக்காதே. நான் மறந்தேன்.

உனக்குப் பதினாறு நடந்தபோது கட்டிக்கொடுத்தார்கள். உடையார்பாளையத்துக்குக் கிழக்கே, முந்திரிக் காட்டைத் தாண்டி ஒரு ஊர். பெரிய வீடு, நிலபுலம். உன் அப்பாவின் மல்லாட்டை மண்டிக்குக் கடலை மூட்டையோடு வந்து போன மனிதரின் மகன். உனக்கு அம்மா இல்லை. யோசித்துப் பார் என்று உன் அப்பாவிடம் சொல்ல ஆள் இல்லை. போகும்போது நோட்டை என்னிடம் கொடுத்தாய். "ஒன்பதாவது பாகம் பாதியில இருக்கு. நான் வந்து முடிக்கிறேன்."

வந்தாய். நான்காம் மாதமே கன்னம் வீங்கி, தனியாக, நடந்தும் வண்டியிலுமாக வந்தாய். மறுநாளே உன் அப்பா கொண்டுபோய் விட்டுவிட்டார். நான் உன்னைப் பார்க்கக்கூட இல்லை. தெருவில் சொல்லித்தான் தெரியும். அதன் பிறகு மூன்று கடிதம் எழுதினேன். பதில் இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, உன் கடிதம் வந்தது.

அது இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். இங்கே எல்லோரும் நலம். மாடு கன்று போட்டிருக்கிறது. எனக்கு வேலை அதிகம். இனி எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். நாம் எழுதிய கிறுக்கல்கள் எல்லாம் சின்னப்பிள்ளைத்தனம், அவற்றை இந்தக் கடிதத்தோடு சேர்த்து அடுப்பில் காட்டிவிடு.

அடுப்பில் போட்டுவிடு என்றல்ல. காட்டிவிடு. நீ இதைவிடத் தெளிவாக எப்படி எழுதியிருக்க முடியும்? ஆனால் நான் படித்தது 'சின்னப்பிள்ளைத்தனம்' என்ற சொல்லை மட்டும். பெரிய வீட்டு மருமகளுக்கு மருந்தக ஆயா மகள் இனி எதற்கு என்று நினைத்தேன். அம்மாவிடம்கூடக் காட்டவில்லை. மடித்துப் பெட்டியில் புடவைக்கு அடியில் போட்டுப் பூட்டினேன்.

பதினேழு நாள் அது அங்கே கிடந்தது.

பதினேழாம் நாள் உலை வைத்துக்கொண்டிருந்தேன். என்ன நினைத்தேனோ, உள்ளே போய்க் கடிதத்தை எடுத்து வந்து, கேட்டதைச் செய்துவிடுகிறேன் என்று அடுப்புக்குள் எறிந்தேன். கீழ்ப்பாதி பற்றிக்கொண்டது. மேல்பாதியில், மாடு கன்று போட்டதற்கும் வேலை அதிகம் என்பதற்கும் நடுவே, பழுப்பாக ஒரு வரி எழும்பியது.

கையை உள்ளே விட்டு இழுத்தேன். மிஞ்சியது இவ்வளவுதான்: 'ரோசு, நெல்லுக் குதிர் அறையில் பூட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு வேளைதான் சோறு. வயிற்றில் பிள்ளை. இரத்தம் படுகிறது. அப்பா நம்ப மாட்டார். நீ' — அதற்குக் கீழே சாம்பல்.

மண்டிக்கு ஓடினேன். உன் அப்பா மூட்டைகளுக்கு நடுவே நின்றிருந்தார். கருகிய தாளை நீட்டினேன். படித்தார். முகம் ஒரு கணம் மாறியது, நான் பார்த்தேன், மாறியது. பிறகு அதைத் திருப்பிக் கொடுத்தார்.

"அவ கதை எழுதுறவ. இதுவும் கதைதான். ரெண்டு பேரும் சேர்ந்து எழுதுனீங்களே, அது மாதிரி."

"இல்ல மாமா, சத்தியமா இல்ல. நீங்க ஒரு தடவ போயிப் பாருங்க."

"போன தடவ கொண்டுபோய் விட்டப்ப சம்பந்தி முன்னாடி தலகுனிஞ்சு நின்னேன். இன்னொரு தடவ நிக்க முடியாது. போ தாயி."

அவர் காலில் விழுந்தேன். அவர் கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

அம்மா அதைப் படித்தாள். இது எப்போது வந்தது என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். ஓங்கிய கையை இறக்கிக்கொண்டாள். "அழுவாத. அழுவறதுக்கு இப்ப நேரமில்ல." மறுநாள் காலை முதல் பஸ்ஸில், மருந்தகத்து வெள்ளைப் புடவையும் தோல்பையுமாக என்னை இழுத்துக்கொண்டு ஏறினாள். கரியில் ஓடும் பஸ். மேடு வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். ஒவ்வொரு முறை நின்றபோதும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. உடையார்பாளையத்தில் இறங்கி மாட்டுவண்டி.

உன் மாமியார் வாசலிலேயே மறித்தார். மருமகள் உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறாளாம். அம்மா அசையவில்லை.

"எனக்கு மருமவளும் தெரியாது மவளும் தெரியாதுங்க. பெரியம்மை பரவுது. ஊசி குத்த ஆஸ்பத்திரியிலேர்ந்து அனுப்பியிருக்காங்க. ஆம்பளைங்கள அனுப்புனா பொம்பளைங்க வரமாட்டாங்கன்னு என்னை அனுப்புனாங்க. வூட்டுல இருக்கிற எல்லாரையும் பாக்கணும். ஒரு ஆள் விட்டுப்போனாலும் நாளைக்கு போலீசோட வருவாங்க. அப்புறம் எம்மேல வருத்தப்படாதீங்க."

அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை. நாம் எழுதிய எட்டு பாகத்திலும் அப்படி ஒரு தந்திரம் இல்லை. உன் மாமியார் உன் புருஷனைப் பார்த்தார். அவன் உள்ளே போனான். தாழ்ப்பாள் சத்தம் கேட்டது.

உன்னைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. வயிறு மட்டும்தான் இருந்தது, மற்றதெல்லாம் எலும்பு. வெளிச்சம் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டாய். என்னைப் பார்த்ததும் உதடு அசைந்தது. நான் தலையை ஆட்டினேன், பேசாதே என்று. புரிந்துகொண்டாய். நான் அல்லவா புரிந்துகொள்ளாதவள்.

அம்மா உன் நெற்றியைத் தொட்டாள். காய்ச்சல் நெருப்பாய்க் கொதித்தது. கழுத்தில் வேர்க்குருவும் பூச்சிக்கடியும். அம்மா சட்டென்று பின்னால் நகர்ந்தாள்.

"அய்யோ, இது அம்மைதான். முத்து போட ஆரம்பிச்சிருச்சு. யாரும் கிட்ட வராதீங்க. இவள இங்க வச்சிருந்தா வூட்டுல ஒருத்தர் மிஞ்ச மாட்டீங்க."

வீட்டாட்கள் எல்லோரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். உன் மாமியார் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "கொண்டுபோயிடுங்க, கொண்டுபோயிடுங்க" என்றார். உன் புருஷன் வாசல்வரைகூட வரவில்லை. நானும் அம்மாவும் உன்னை வண்டியில் தூக்கிப் போட்டோம். முந்திரிக் காடு தாண்டியதும் நீ கண்ணைத் திறந்தாய். "எந்த பாகம்டி இது?" என்றாய். அதற்குப் பிறகு உனக்கு நினைவு தவறிவிட்டது.

மருந்தகத்தில் மூன்றாம் நாள் நினைவு திரும்பியதும் வயிற்றைத் தடவிப் பார்த்தாய். அம்மா சொன்னாள், செத்தே பிறந்தது என்று. நீ சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாய். அப்படியே கிடந்தபடி என்னிடம் கேட்டாய்: "லெட்டர் என்னைக்கு வந்துச்சு?"

"அன்னிக்குத்தான். படிச்சதும் பஸ் ஏறிட்டோம்."

"எனக்குத் தெரியும்டி. நீ உடனே கண்டுபுடிச்சிருவேன்னு தெரியும். மசக்கைக்குன்னு கேட்டு வாங்குன எலுமிச்சம்பழம். அவனே படிச்சுப் பாத்துட்டு அவனே தபால்ல போட்டான்" என்று சொல்லி, அந்த நிலையிலும் சிரித்தாய். "தபாலுதான் தாமதம் பண்ணிருச்சு."

ஆயுள் முழுக்கத் தபாலைத் திட்டினாய். நீ டீச்சருக்குப் படித்தாய், பெரம்பலூரில் வேலைக்குப் போனாய், அந்த வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. செவந்தியையும் பூரணியையும் தூசி தட்டி எடுத்துப் பிள்ளைகளுக்காகப் புத்தகம் புத்தகமாக எழுதினாய். ஒவ்வொன்றையும் முதலில் எனக்குத்தான் அனுப்புவாய். ஒவ்வொன்றிலும் யாரோ ஒருத்தி அடைபட்டிருப்பாள், ஒரு கடிதம் எழுதுவாள், அது சரியான நேரத்துக்குப் போய்ச் சேரும். எதிலும் தாமதமே கிடையாது. நீ என்னை நம்பித்தான் அப்படி எழுதினாயா, எல்லாம் தெரிந்துதான் எழுதினாயா என்று இத்தனை வருடமாக எனக்குப் புரியவில்லை. கேட்கத் துணியவில்லை. புத்தகம் வந்த அன்றெல்லாம் சோறு இறங்காது.

கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பதினேழு நாள் என் பெட்டியில் இருந்தது. ரெண்டு வாரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் இரண்டு உயிரும் பிழைத்திருக்கும் என்று மருந்தகத்துக் கன்னியாஸ்திரீ அம்மாவிடம் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. குழந்தை செத்துப் பிறக்கவில்லை. நீ தாங்கமாட்டாய் என்றுதான் அம்மா அப்படிச் சொன்னாள். பெண் குழந்தை. மத்தியானம் பிறந்து, சாயங்காலக் கோயில் மணி அடிக்கும்வரை மூச்சு இருந்தது. அம்மாவும் மற்றவர்களும் உன்னைக் காப்பாற்றப் போராடிக்கொண்டிருந்தார்கள். அவளை வைத்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. நான்தான் வைத்திருந்தேன். துணியில் சுற்றி, இடது முழங்கையில். ஒரே ஒரு முறை கண்ணைத் திறந்தாள். உன் நெற்றி. அழக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை. போகாதே, போகாதே என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். வேறென்ன சொல்வது என்று தெரியவில்லை.

என்னை மன்னித்துவிடு என்று எழுத வரவில்லை. பதில் சொல்ல நீ இல்லாதபோது அதைக் கேட்பதில் என்ன இருக்கிறது? அவள் எவ்வளவு கனம் இருந்தாள் என்று மட்டும் உனக்குச் சொல்ல வேண்டும். அது தெரிந்தவள் இனி நான் ஒருத்திதான். ஒரு படி அரிசிகூட இருக்க மாட்டாள். அந்த மத்தியானத்திலிருந்து இந்தக் கை அவளை இறக்கி வைக்கவே இல்லை.