கோல் வாசலுக்கு இருவர்

தொங்யோங்,
ஏப்ரல் 13, திங்கள்.

அன்புள்ள சே-ஹ்வாவுக்கு,

மி-ரான் அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் தோளெலும்பு கூடிவிட்டது, இனி பந்துக்குப் பாயலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதாக உன் அப்பா சொன்னார். நான் பதினாறு தடவை போன் அடித்தும் நீ எடுக்கவில்லை. அதனால்தான் உல்லுங் தீவுக்குத் தபால்.

சனிக்கிழமை அரையிறுதியில் ஜப்பான் அணியை ஜெயித்துவிட்டோம். ஆசிய மகளிர் கிளப் கோப்பையின் இறுதிப் போட்டியில் நம் அணி! செய்தியில் பார்த்திருப்பாய். அதில் வராததைச் சொல்கிறேன்.

அன்றைக்கு என் பிறந்தநாள். முப்பத்துநான்கு முடிந்தது. அம்மா முதல் பஸ் பிடித்து வந்து, ஒரு தூக்கு நிறையப் பிறந்தநாளுக்கான வழவழ கடற்பாசி சூப்போடு விடுதியில் நிற்கிறாள். ஆட்டத்தன்று, அதுவும் கோல்கீப்பருக்கு! நம் சமையற்காரம்மா, "ஐயையோ, பந்து வழுக்கிடும், அத அந்தப் பக்கம் கொண்டு போங்க" என்று அலறினாள். அம்மா அசையவில்லை. "வழுக்கறவளுக்கு வெறும் வயித்துலயும் வழுக்கும். நீ குடிடீ" என்றாள். இரண்டு கிண்ணம் குடித்தேன்.

பன்னிரண்டாவது நிமிடத்தில் வழுக்கியது. நல்ல மழை. நேராக என் நெஞ்சுக்கு வந்த பந்து. கைக்குள் வந்தது, நழுவியது, காலுக்கு நடுவே உருண்டு உள்ளே போய்விட்டது. ஹனோயில் உன் கையிலிருந்து போனதே, அதே மாதிரி. சிப்பி உடைக்கும் கொட்டகைப் பெண்கள் ரப்பர் பூட்ஸோடு ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தி, "ஏய் கோலி, கையில எள்ளெண்ணெய் தடவிக்கிட்டா வந்த?" என்று கத்தினாள். மைதானமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, நம்பு.

கேப்டன் ஓக்-ஜின் ஓடி வந்து, "அக்கா, ஒண்ணுதானே போச்சு? அத நாங்க பாத்துக்கறோம். இனி வர்றத நீங்க பாருங்க" என்றாள். சொன்னபடி எழுபதாவது நிமிடத்தில் அவளே தலையால் முட்டிச் சமன் செய்தாள். அதற்குப் பிறகு வந்த ஆறு பந்தையும் பிடித்தேன்.

கூடுதல் நேரத்திலும் முடிவாகவில்லை. பெனால்டி. எட்டு வருடம் பெஞ்சில் உட்கார்ந்தவளுக்கு, எதிரணிப் பெண்கள் எப்படி ஓடிவந்து உதைக்கிறார்கள் என்று பார்ப்பதைத் தவிர வேறென்ன வேலை? அவர்களுடைய பதினோராம் எண்காரி கடைசிக் காலடிக்கு முன் தயங்கினால் பந்து அவளுடைய வலப்பக்கம், அதாவது என் இடப்பக்கம், போகும். தயங்கினாள். பாய்ந்தேன். இடது கையில் பட்டு வெளியே போனது. என்னைக் கேலி செய்த அந்தச் சிப்பிக்காரி வேலியைத் தாண்டி வந்து என்னைத் தூக்கியதில்தான் எனக்கு இடுப்பு வலி, ஆட்டத்தில் இல்லை.

இப்போது சொல்லக் கூச்சமான ஒன்று. பிப்ரவரியில் ஹனோயில் நீ மோதி விழுந்து எழாமல் கிடந்தபோது, என் மனதில் முதலில் வந்தது உன் வலி இல்லை. என் கையுறை எந்தப் பையில் இருக்கிறது என்பதுதான். அப்புறம்தான் உன்னைப் பார்த்தேன். ஸ்ட்ரெச்சரில் போகும்போது நீ என் கையைப் பிடித்து, "அக்கா, மன்னிச்சிருங்க, கோல் விட்டுட்டேன்" என்றாய். அன்றிலிருந்து அந்த வார்த்தை எனக்குச் சரியாகச் செரிக்கவில்லை.

நீ அனுப்பிய ராஜினாமா கூக் பயிற்சியாளரிடம் இருக்கிறது. அலுவலகத்துக்கு அனுப்பவில்லை. நேற்று அவரிடம் போய், சே-ஹ்வாவைக் கூப்பிடுங்கள், இரண்டு பேரையும் ஒரு மாதம் பயிற்சியில் வாட்டுங்கள், யார் தேறுகிறார்களோ அவளை நிறுத்துங்கள் என்று கேட்டேன். அந்தம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்குக் கிறுக்கா? இந்த வயசுல கெடச்ச எடத்த நீயே பந்தயத்துல வைக்கிற?" என்றார். வைக்கிறேன்தான், ஆனால் விட்டுக்கொடுக்க இல்லை என்றேன். சிரித்துவிட்டு, "சரி, இருபத்துநாலாம் தேதி வரைக்கும் அவ கடிதாசி என் பையிலேயே இருக்கும்" என்றார்.

இணையத்தில் உன்னைத் திட்டியவர்கள் சனிக்கிழமை முதல் பாதியில் என்னையும் திட்டினார்கள். பெனால்டிக்குப் பிறகு அதே ஆட்கள் என்னை மலை என்றார்கள். அவர்கள் பேச்சுக்கு அவ்வளவுதான் ஆயுள்.

இருபத்துநான்காம் தேதி, வெள்ளிக்கிழமை, தீவிலிருந்து படகு ஏறு. போஹாங் துறையில் அணி வண்டியோடு நிற்பேன். இறுதிப் போட்டிக்கு நிற்கப்போவது நான்தான் என்று இப்போதே எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய்யென்று காட்ட உனக்கு நான்கு வாரம் இருக்கிறது. பரிதாபப்பட்டு ஒரு பந்தைக்கூட விடமாட்டேன், நீயும் விடாதே.

உன் கைகள் பழையபடி உறுதிப்பட வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். அப்பாவுக்கு என் வணக்கம். வந்துவிடு, சே-ஹ்வா.

உன் அக்கா,
தோ மி-ரான்